மூன்றாந்தடவை கூப்பிடாதவர்கள்

மே 5, திங்கள்

மத்தியானம் சோறு போடும்போது பாண்டியராஜ் சொன்னான். "வெள்ளிக்கிழம கொடைக்கானல் போறோம்மா. ரெண்டு நாள் தங்கிட்டு ஞாயித்துக்கிழம வந்துருவோம். நீ வாரியா?"

"எனக்கு எதுக்குப்பா மலையும் குளிரும். நீங்க போயிட்டு வாங்க" என்றேன்.

"சரிம்மா" என்று ரசத்தை ஊற்றிக்கொண்டான்.

சரியா? பெற்ற மகன். ஒரு தடவை கேட்டான், சரி என்றான், ரசம் ஊற்றிக்கொண்டான். அடுப்படியிலிருந்து மருமகள் ஜீவிதா ஒரு தடவை கேட்டாள், "வந்தாத்தான் என்ன அத்தை?" என்று. முட்டி வலிக்கிறது என்றேன். அவளும் விட்டுவிட்டாள். ஆக இரண்டு.

எங்கம்மா எனக்குச் சொல்லிக் கொடுத்தது இது: யார் எதை நீட்டினாலும், எங்கே கூப்பிட்டாலும், இரண்டு தடவை வேண்டாம் என்று சொல்ல வேண்டும். மூன்றாந்தடவைதான் சரி சொல்ல வேண்டும். முதல் தடவையே கை நீட்டுகிறவள் ஆசைக்கு அலைந்தவள் என்று பேர் வாங்குவாள். எனக்கு அறுபத்தேழு வயதாகிறது, அந்தப் பேரை இன்றுவரை வாங்கியதில்லை. ஆனால் கூப்பிடுகிறவர்களுக்கும் அது தெரிய வேண்டுமா இல்லையா? மூன்று வரைக்கும் எண்ணத் தெரியாதவனை எதுக்கு பி.காம். படிக்க வைத்தேன்?

மே 6, செவ்வாய்

இன்று யாரும் கேட்கவில்லை. ஜீவிதா என் கம்பளியை எடுத்து வெயிலில் போட்டாள். எதுக்கு என்று நானும் கேட்கவில்லை.

மே 7, புதன்

பேத்தி தமிழ்மதி கேட்டுவிட்டாள். பத்தாவது எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிறாள், வாய் மட்டும் வக்கீலுக்குப் படித்த வாய்.

"அப்பத்தா, ஒழுங்கா வந்துரு. நீ வரலைன்னா ஒட்டன்சத்திரத்து அப்பத்தாகூட என்னையப் படுக்கப் போட்டுருவாங்க. அது விடுற கொறட்டைக்கு மலையே எறங்கி செம்பட்டிக்கு வந்துரும்."

சரி, பிள்ளைக்காக வருகிறேன் என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. ஒட்டன்சத்திரத்து அப்பத்தாவா? சம்பூரணமா? என் நாத்தனாரா?

"அவள யாரு கூப்புட்டா?"

"யாரும் கூப்புடல. அப்பா போன்ல பேசுறப்ப, நானும் வாரேன், முன்சீட்டு எனக்குன்னு அதுவே சொல்லிருச்சு."

எனக்குக் கொதித்தது. இவள் கூட வந்த கொடைக்கானலை நான் மறக்கவில்லை. எழுபத்தொன்பதாம் வருஷம், சித்திரை பத்தொன்பது, புதன்கிழமை. இன்றும் புதன்கிழமைதான்.

வரவில்லை என்று சொல்லிவிடலாமா? சொன்னால் "சரிம்மா" என்பான். அந்தச் சரியை இன்னொரு தடவை கேட்க என்னால் ஆகாது.

மே 9, வெள்ளி. கொடைக்கானல்

வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறியதும் சம்பூரணம் முன்சீட்டில் கண்ணாடியை இறக்கிவிட்டு, "ஆகா, என்ன காத்துங்க, என்ன காத்துங்க!" என்று வழி நெடுக. சித்தையன்கோட்டையில் பிறந்து வளர்ந்தவள்தான். ஒட்டன்சத்திரத்துக்கு வாக்கப்பட்டுப் போனதிலிருந்து பேச்சில் 'ங்க' ஒட்டிக்கொண்டது. நானும் ஜீவிதாவும் தமிழ்மதியும் பின்னால். நடுவில் புளிச்சோற்று வாளி, உருளைக்கிழங்கு வெஞ்சனம், ஸ்வெட்டர் பை. பதினெட்டாவது வளைவில் நான் வாந்தி எடுத்தேன். "மதினிக்கு அப்பவும் ஒத்துக்காதுங்க, இப்பவும் ஒத்துக்கல" என்று சிரிக்கிறாள். அப்பவும்! அப்ப நடந்தது அவளுக்கு ஞாபகம் இருக்கிறது பாருங்கள், வாந்தி மட்டும்.

மீதியை நான் எழுதி வைக்கிறேன்.

அந்த வருஷம் கத்தரிக்காய் நன்றாகப் போனது. வீட்டுக்காரர் எங்களை பஸ்ஸில் கூட்டி வந்தார். மாமியார், பதினேழு வயதுச் சம்பூரணம், நான், என் இடுப்பில் ஏழு மாதத்துப் பாண்டியராஜ். ஏரியில் படகில் படகுக்காரரைத் தவிர மூன்று பேருக்குத்தான் இடம். மாமியார் முதலில் ஏறிவிட்டார், தண்ணீரைச் செருப்புக் காலோடு மிதிக்கக் கூடாது என்று அதைக் கழற்றிக் கரையில் விட்டுவிட்டு. வீட்டுக்காரர் ஒரு காலைப் படகில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "நீ வாரியா? புள்ளைய இவகிட்டக் குடு."

மாமியார் பார்த்துக்கொண்டிருக்கிறார். "வேண்டாங்க" என்றேன்.

"வாயேன்."

"நான் பையப் பாத்துக்கிறேன்."

மூன்றாவது அவர் வாயில் இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், வாய் திறந்ததைப் பார்த்தேன். அதற்குள் சம்பூரணம் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரே தாவு. என் இடத்தில் உட்கார்ந்துவிட்டாள். படகுக்காரர் கயிற்றை அவிழ்த்துவிட்டார்.

நான் கரையில். இரண்டு ஒயர் கூடை, ஒரு தூக்குச்சட்டி, தண்ணீர்க் கூஜா, மாமியார் செருப்பு, பிள்ளை. முக்கால் மணி நேரம். அதற்குப் பிறகு பழனியில், வைகை அணையில், குற்றாலத்தில், எங்கே போனாலும் "அவ பையப் பாத்துக்குவா." நாற்பத்தாறு வருஷத்தில் நான் பார்த்துக்கொண்ட பையில் ஒரு கர்ச்சீப் காணாமல் போனதில்லை.

இந்தத் தடவை படகில் ஏறாமல் மலை இறங்க மாட்டேன். கூப்பிடட்டும். மூன்று தடவை கூப்பிடட்டும்.

மே 10, சனி. மத்தியானம்

கூப்பிட்டான். ஒரு தடவை.

ஏரிக்கரையில் ஒரே கூட்டம். குதிரை, சைக்கிள், வேகவைத்த சோளக்கதிர், மிளகாய் பஜ்ஜி. காரை ஒரு மைல் தள்ளி நிறுத்திவிட்டு எல்லாப் பையையும் தூக்கிக்கொண்டு நடந்தோம். படகுத் துறையில் பாண்டியராஜ் திரும்பி, "அம்மா, நீ வாரியா?" என்றான்.

வாரேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். நேற்று ராத்திரியிலிருந்து சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். வாய் என்ன சொன்னது? "எனக்கு எதுக்குப்பா. நான் பையப் பாத்துக்கிறேன்."

"சரிம்மா. ஜீவி, நீ?"

"அத்தை தனியா இருப்பாங்க. நீங்க போங்க."

"சரி."

இந்தச் சரியை இவனுக்கு யார் கற்றுக்கொடுத்தது? அப்பனாவது இரண்டு தடவை கூப்பிட்டார். சம்பூரணத்தை ஒருத்தரும் கேட்கவில்லை. அவள் ஏற்கனவே படகில் உட்கார்ந்து ஆரஞ்சு மிதவைச் சட்டையை மாட்டி பட்டி இழுத்துக்கொண்டிருந்தாள், என்னைப் பார்த்துக் கை வேறு ஆட்டினாள்.

ஆத்திரத்தில் ஜீவிதாவைப் பிடித்துக்கொண்டேன். "உன்னைய யாரு இங்க இருக்கச் சொன்னா? என்னையக் கழுகு தூக்கிட்டுப் போயிருமா?"

அவள் கோபிக்கவில்லை. ஸ்வெட்டர் பையை மடியில் வைத்துக்கொண்டு ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "பழகிருச்சு அத்தை. இங்க இது மூணாந்தடவ. கல்யாணம் ஆன புதுசுல வந்தப்ப அவரு கூப்பிட்டாரு. பயமா இருக்குன்னு சொன்னேன்."

"தண்ணியப் பாத்தா பயமா?"

"இல்ல அத்தை. சும்மா சொன்னேன். இன்னொருக்காக் கூப்பிடுவாருன்னு."

சோளக்கதிர்க்காரி வந்தாள், வேண்டாம் என்றோம், இரண்டு பேரும் ஒரே நேரத்தில். அவள் போய்விட்டாள்.

அதே நாள், மாலை

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் எனக்கு எல்லார் விஷயமும் ஞாபகம் இருக்கிறது என்று பெருமை பேசிக்கொண்டு, இதை மட்டும் மறைத்தால் அது என்ன ஞாபகம்?

ஜீவிதா எங்கள் வீட்டுக்கு வந்து பதினோராவது நாள். இரண்டாயிரத்து ஏழு, ஆவணி. பெரியவீட்டு விருந்தில் தட்டில் லட்டு நீட்டினார்கள். இந்தப் பிள்ளை, இருபத்தொரு வயது, சிரித்துக்கொண்டே எடுத்துக் கடித்தது. வீட்டு வாசல் ஏறுவதற்குள் சொன்னேன். "நீட்டுன உடனே எடுக்குறவ எங்க வீட்டுல கெடையாது. உங்கம்மா சொல்லிக் குடுக்கலையா?" அவள் கையில் பாதி லட்டு இருந்தது. அதைத் தின்னவும் இல்லை, போடவும் இல்லை, கையில் வைத்துக்கொண்டே உள்ளே போனாள்.

அன்றைக்குப் பிறகு ஒரு தடவையில் அவள் எதையும் எடுத்ததில்லை. நல்ல மருமகள் என்று ஊரே சொன்னது. நானும் சொன்னேன்.

அதனால் இவள் கரையில் உட்கார்ந்ததற்கு நானா காரணம்? கூப்பிடத் தெரியாதவன் அவன் இல்லையா?

அவன்தான். நானும்தான்.

மே 11, ஞாயிறு. காலை

குளிரில் விடியும் முன்பே விழிப்பு. சம்பூரணம் எனக்கு முன்பே எழுந்து, தன் மகனுடைய குரங்குக் குல்லாயை மாட்டிக்கொண்டு, ஓட்டல் பையனிடம் இரண்டு டீ வாங்கி வைத்திருந்தாள். என்னைக் கேட்காமல்தான் வாங்கியிருந்தாள். ஆறிவிடும் என்று குடித்தேன்.

குடித்துவிட்டுக் கேட்டுவிட்டேன். நாற்பத்தாறு வருஷமாகக் கேட்காததை.

"அன்னைக்கு என் இடத்துல ஏறி உக்காந்தியே, உனக்கே நாயமா இருந்துச்சா?"

"என்னைக்குங்க மதினி?"

சொன்னேன். தேதி, கிழமை, அவள் கட்டியிருந்த மாம்பழக் கலர் தாவணி முதற்கொண்டு. அவள் டீயை உறிஞ்சிக்கொண்டே கேட்டாள்.

"அண்ணன் உங்களக் கூப்புட்டாருல்ல?"

"கூப்புட்டாக."

"நீங்க வேண்டாம்னீங்க."

"ரெண்டு தடவதான கூப்புட்டாக! ரெண்டு தடவ கூப்புட்டா ஏறிருவாளா ஒரு மருமக? அதுவும் உங்கம்மா முன்னால?"

"எனக்கு அதெல்லாந் தெரியாதுங்க மதினி. நீங்க வரமாட்டேன்னீங்க, படகு கெளம்புது. என்னைய ஒருத்தரும் ஒருதடவகூடக் கூப்புடலீங்க. எங்கம்மா, 'நீ புள்ளையத் தூக்கிட்டு மதினிகூட நில்லுடி'ன்னுதான் சொன்னா. நானாத்தான் ஏறுனேன்."

"வெக்கமில்லாம."

"ஆமாங்க" என்றாள். "வெக்கப்பட்டிருந்தா நானும் அங்கதான நின்னிருப்பேன்? ரெண்டு பேரும் நின்னா உங்களுக்குச் சந்தோசமா?"

"குல்லாயக் கழட்டு, பாக்கச் சகிக்கல" என்றேன்.

அதே நாள், சாயங்காலம். வீடு

முட்டி வலிக்கிறது, கண் எரிகிறது, ஆனாலும் எழுதிவிட்டுத்தான் படுக்க வேண்டும்.

இறங்குவதற்கு முன்னால் தமிழ்மதி இன்னொரு தடவை படகு வேண்டும் என்று அடம் பிடித்தாள். துறைக்குப் போனோம். துடுப்புப் படகு, நாலு பேருக்கு இடம். சம்பூரணம் ஏறிவிட்டாள், அதைச் சொல்லவே வேண்டாம். தமிழ்மதி ஏறினாள். பாண்டியராஜ் ஏறி உட்கார்ந்து, திரும்பி, "அம்மா, நீ..." என்றான்.

அவனை முடிக்க விடவில்லை. முடித்தால் என் வாய் பழையதைச் சொல்லிவிடும்.

"ஏலே, எறங்கு" என்றேன்.

"என்னம்மா?"

"நேத்துப் போனேல்ல? எறங்கு. இந்தா, பையப் பாத்துக்க."

அவன் இறங்கியதும் நாலு பையையும் அவன் காலடியில் வைத்தேன். படகுக்காரர் கையை நீட்டினார். அதைப் பிடித்துக்கொண்டு, முட்டியை இழுத்துக்கொண்டு, ஏறி உட்கார்ந்தேன். படகு ஆடியது. ஆடட்டும்.

ஜீவிதா கரையில் ஒரு பையோடு நின்றாள். இவளிடம் வாரியா என்று கேட்டால் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியாதா? நான் வளர்த்த வேண்டாம் அது.

"ஜீவிதா, ஏறு."

"இல்ல அத்தை, நீங்க போயிட்டு..."

"வாரியான்னா கேட்டேன்? ஏறுங்கிறேன்."

"தயங்குனது போதும், ஏறும்மா, வரிசையில ஆள் நிக்குது" என்றார் படகுக்காரர், அவளைப் பார்த்து. ஏறினாள். பையையும் தூக்கிக்கொண்டே ஏறினாள், பாவம், அதை வாங்கி நான்தான் கரைக்கு எறிந்தேன். பாண்டியராஜ் பிடித்துக்கொண்டான்.

ஏரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தண்ணீர் பச்சையாக இருக்கிறது. ஓரத்தில் பாசி. நடுவில் போனால் காற்று முகத்தில் அறைகிறது. திரும்பினால் மரம், அந்தப் பக்கம் திரும்பினால் இன்னும் கொஞ்சம் மரம். அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது.

இம்புட்டுத்தானா?

இதுக்கா நாற்பத்தாறு வருஷம் வயிறு எரிந்தேன்? எங்கள் ஆத்தூர் அணை இதைவிடப் பெரிசு! சத்தமாகவே சொல்லிவிட்டேன். சம்பூரணம் சிரித்த சிரிப்பில் படகு சாய்ந்தது. "இதத்தான மதினி நானும் அன்னைக்கே நெனச்சேன். உங்ககிட்டச் சொல்லலாம்னு பாத்தா நீங்க மொகத்தத் திருப்பிக்கிட்டீங்க."

ஜீவிதா சிரிக்கவில்லை. விளிம்பில் சாய்ந்து ஒரு கையைத் தண்ணீரில் விட்டிருந்தாள்.

"கை மரத்துப் போகும், எடு."

"இருக்கட்டும் அத்தை."

போய்த் திரும்பும்வரை எடுக்கவில்லை.

ஒன்று மட்டும் நான் எதிர்பார்க்கவில்லை. நடுத் தண்ணீரிலிருந்து பார்த்தால் கரை முழுக்கத் தெரிகிறது. கம்பி வேலி ஓரமாகப் பொம்பளைகள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். கிழவிகள், நடு வயதுக்காரிகள், பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி. ஒவ்வொருத்தி காலடியிலும் பை, மடியில் யாரோ ஒருவருடைய ஸ்வெட்டர். யார் முகம் எப்படி இருக்கிறது என்றுகூடத் தெரிகிறது. அவ்வளவு பக்கம்.

அப்படியென்றால் வீட்டுக்காரருக்கும் நான் தெரிந்திருப்பேன். அன்றைக்கு முக்கால் மணி நேரமும். பிள்ளையையும் கூஜாவையும் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தது தெரிந்தேதான் சுற்றினார். ஒரு சுற்று முடிந்து, "எறங்கும்மா, அவ ஏறட்டும்" என்று தாயிடம் சொல்ல ஆகவில்லை. கூப்பிட்டது இரண்டு தடவையோ மூன்று தடவையோ, பார்த்ததற்கு என்ன சொல்வார்?

கரை ஏறினால், பாண்டியராஜ் போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறான், ஊருக்கு வாங்கிய பேரிக்காய்ப் பையை ஒரு குரங்கு மரத்தில் வைத்துத் தின்றுகொண்டிருக்கிறது. அரை மணி நேரம்! நாற்பத்தாறு வருஷத்துப் பேரை அரை மணி நேரத்தில் கெடுத்தான். வத்தலக்குண்டு வரை அவனோடு பேசவில்லை.

மே 14, புதன்

அவர் படத்துக்கு இன்று பூ வைக்கவில்லை.

மே 15, வியாழன்

இன்றும்.

மே 16, வெள்ளி

தமிழ்மதி பாஸ். நானூற்றி முப்பத்தேழு. பூ வைத்தேன், பேத்திக்காக. அவரிடம் இன்னும் பேசவில்லை.

அவளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்த ரோசலின் டீச்சர் வீட்டுக்கு வந்திருந்தார். பேசிக்கொண்டிருந்துவிட்டுப் போகும்போது ஜீவிதாவைக் கேட்டார். "எங்க ஸ்கூல் ஆபீஸ்ல ஒரு ஆளு வேணும்மா. நீதான் கம்ப்யூட்டரெல்லாம் படிச்சிருக்கேல்ல. ஜூன்ல இருந்து வாரியா?"

"வாரேன் டீச்சர்" என்றாள் ஜீவிதா.

ஒரே தடவையில். பாண்டியராஜ் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான், அம்மா ஏதாவது சொல்லுவாள் என்று. சொல்லத்தான் வாயெடுத்தேன். வீட்டு வேலையை யார் பார்ப்பது, சாயங்காலம் எத்தனை மணிக்கு வருவாய், எங்களைக் கேட்டாயா. எல்லாம் நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"டீச்சருக்குக் காப்பி குடுத்தியா இல்லையா?" என்றேன்.

மே 30, வெள்ளி

சம்பூரணம் நாளைக்குக் குடும்பத்தோடு பழனிக்குப் போகிறாளாம். காலையில் போன் செய்து, கோயில், மலை ஏறும் விஞ்சு, மத்தியானச் சாப்பாடு என்று எல்லாவற்றையும் கால் மணி நேரம் அளந்தாள். எங்களை வா என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

செம்பட்டியில் நாளைக் காலை ஆறே காலுக்குப் பழனி பஸ். நானும் ஜீவிதாவும் போகிறோம்.